சுருக்கம் ஆய்வாகாது: கல்லூரி எழுத்து வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் எழுத்துப் பாடம் எடுப்பவர்களுக்குப் பொதுவாக மூன்று விதமான வேலை வரும். ஒரு கவிதையையோ கதையையோ ஆராய்ந்து கட்டுரை எழுதுவது. ஒரு மேடைப் பேச்சையோ விளம்பரத்தையோ எடுத்து, அது எப்படி ஆளை வசப்படுத்துகிறது என்று விளக்குவது. அப்புறம் அலுவலக மின்னஞ்சல், அறிக்கை, குறிப்பு. மூன்றும் தனித்தனிப் பாடம் போலத் தெரிந்தாலும் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எழுத்து என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிடுகிறோம். யாரிடம், எந்த நிலையில், எதைச் சாதிப்பதற்காகச் சொல்கிறது என்பதைத் தொடுவதே இல்லை.

இலக்கியக் கட்டுரையில் இது கதைச் சுருக்கமாக வெளிப்படும். கட்டுரையைத் திருத்துபவர் கதையைப் படித்தவர்தான். நாயகன் ஊரை விட்டுப் போனதையும் திரும்பி வந்ததையும் மூன்று பக்கத்துக்கு அவருக்கே திருப்பிச் சொல்வதில் பயனில்லை. கவிதை என்றால் சுருக்கத்தின் இடத்தைப் பாராட்டு பிடித்துக்கொள்ளும். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாருங்கள். ஐந்தே அடி:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே.

வழக்கமான கட்டுரையில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமையின் மூலம் காதலின் மேன்மையைப் புலவர் அழகாக விளக்குகிறார்.’ பெரிய பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஆய்வும் இல்லை. ‘காதலின் மேன்மை’யை எந்தக் காதல் பாட்டின் மேலும் ஒட்டிவிடலாம். ‘அழகாக’ என்ற சொல் எதையும் நிரூபிப்பதில்லை. போதாததற்கு, பாட்டுக்குள் பேசுகிறவன் புலவர் இல்லை, தலைவன். கவிதையில் வரும் ‘நான்’ எழுதியவரேதான் என்று எடுத்துக்கொள்வது எல்லா மொழி வகுப்பிலும் நடக்கிற தவறு.

பாட்டோடு வரும் பழைய கூற்றுக்குறிப்பு (யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பு) ஒரு சூழலைத் தருகிறது. தலைவன் பிரிந்து போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பைக் கண்டு அவன் பேசுகிறான். குறிப்பைப் பாடியவரே எழுதினார் என்று கொள்ள வேண்டாம், பழைய வாசகர் ஒருவரின் வாசிப்பு என்று வைத்துக்கொண்டாலும் போதும். இப்போது அதே ஐந்து அடியை மறுபடி படியுங்கள். முதல் மூன்று அடியும் கேள்வி. உன் தாய் யாரோ, என் தாய் யாரோ. தந்தையர் எந்த வகையில் உறவு. நாமே ஒருவரையொருவர் எப்படி அறிவோம்? அவள் மனதில் ஓடும் சந்தேகங்களை அவனே வரிசையாகச் சொல்கிறான், ஒன்றையும் மறுக்கவில்லை. பிறகு உவமை வருகிறது. செம்மண்ணில் கலந்த நீரை இனிப் பிரித்தெடுக்க முடியாது. ‘பிரிய மாட்டேன்’ என்று மட்டும் அவன் சொல்லவே இல்லை! ‘கலந்தன’ என்று இறந்தகாலத்தில் முடிக்கிறான். அதுவும் ‘தாம்’ கலந்தன, தானாகவே.

இங்கிருந்து ஒரு மையக் கருத்து கிடைக்கிறது: தலைவன் வாக்குறுதி எதுவும் தராமலே ஆறுதல் சொல்கிறான். இதை ஒருவர் மறுக்கலாம். நடந்து முடிந்ததாகச் சொல்வதே வாக்குறுதியைவிட உறுதியானது என்று வாதாடலாம். மறுக்க இடம் இருப்பதால்தான் இது கட்டுரைக்குத் தாங்கும். ‘இது காதல் பாட்டு’ என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, அதனால் அதை நிறுவவும் தேவையில்லை. (புலவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் பக்கம் நிரப்பவும் இங்கே வழியில்லை. அவருடைய இயற்பெயரே நமக்குத் தெரியாது. பாட்டின் உவமையை வைத்துத்தான் செம்புலப்பெயனீரார் என்கிறோம்.)

மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவதும் இதோடு சேர்ந்ததுதான். மேற்கோள் தனக்காகத் தானே பேசாது. எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ரெட்டரிக் என்கிற பேச்சுக்கலை ஆய்வில் பெயர்ப்பட்டியல்தான் தொல்லை. பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, காரண விளக்கம் என்று அரிஸ்டாட்டில் பிரித்த மூன்றையும் பத்திக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியை எடுத்துக்காட்டி முடித்துவிடுவார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், கொல்லப்பட்ட சீசரின் நண்பன் ஆண்டனி இறுதிச்சடங்கில் பேசும்போது, கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் மரியாதைக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொல்வதை ‘அழுத்தம் தருவதற்காக’ என்று எழுதினால் மாட்டிக்கொண்டோம். முதல் தடவை சொல்லும்போது அவனுக்கு வேறு வழியில்லை. கூட்டம் புரூட்டஸ் பக்கம் இருக்கிறது. எங்களைக் குறை சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு ஆண்டனியைப் பேச விட்டதும் புரூட்டஸ்தான். போகப்போக அதே சொற்கள் வசவாக மாறுகின்றன. சொல் மாறவில்லை, கேட்கிற கூட்டம் மாறுகிறது. அந்த மாற்றம் எந்த இடத்தில், எதனால் நடக்கிறது என்று காட்டுவதுதான் வேலை. உத்தியின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால்கூடப் போதும். பேச்சாளர் சொன்னதை நீங்கள் ஏற்கிறீர்களா என்பது வேறு கேள்வி. அதை இங்கே யாரும் கேட்கவில்லை.

அலுவலக எழுத்துக்கு வந்தால், இலக்கிய வகுப்பில் நன்றாக எழுதியவர்களே இங்கே தடுமாறுவார்கள். முடிவைக் கடைசிவரை ஒளித்து வைக்கும் பழக்கம் ஒரு காரணம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2003 பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது சிதறிய கொலம்பியா விண்ணோடம் ஓர் உதாரணம். அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியின் மேலுறையிலிருந்து பிய்ந்து வந்த நுரைத்துண்டு இறக்கையில் மோதியிருந்தது. ஓடம் விண்வெளியில் இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடை விசாரணைக் குழு தன் அறிக்கையில் தனியாக எடுத்துப் பேசியது. தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. மோதிய துண்டு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்ற விவரமோ அடியில், சின்ன எழுத்தில். 640 மடங்கு! அந்த எண்ணும் அங்கே இல்லை, படிப்பவரே வகுத்துப் பார்க்க வேண்டும். தகவல் தாளில் இருந்தது. ஆனால் முடிவெடுப்பவர் கண்ணில் படும்படி இல்லை.

வகுப்பில் எழுதும் மின்னஞ்சலில் உயிர் போவதில்லை, ஆனால் பழுது அதே மாதிரிதான். ‘மேற்படி விஷயம் தொடர்பாக, கடந்த கூட்டத்தில் விவாதித்தபடி, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ எந்த விஷயம்? யார் செய்ய வேண்டும்? எப்போதுக்குள்? ‘பயிற்சிக் கையேட்டின் இரண்டாம் பகுதிக்கு வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் தேவை; தாமதமானால் அச்சு அடுத்த வாரம் தள்ளிப்போகும்’ என்பது ஒரே வாக்கியம். அதன் முதல் பாதியே மின்னஞ்சலின் தலைப்பு (subject) வரியாகவும் ஆகும்.

‘தவறு நேர்ந்துவிட்டது’ போன்ற வாக்கியங்களில் செய்தவர் காணாமல் போவார். செய்தது நீங்கள் என்றால் அப்படி எழுதுவது மழுப்பல், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். செய்தது வாடிக்கையாளர் என்றால் ‘படிவத்தில் ஓர் இடம் விடுபட்டிருக்கிறது’ என்று எழுதுவது நாகரிகம். எப்போதும் செய்வினையில் எழுது என்ற விதியை வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்துகொள்ளலாம்.

திருத்தும்போது பார்க்க ஓர் இடம் சொல்கிறேன்: முதல் வரைவின் கடைசிப் பத்தி. எழுதிக்கொண்டே போகையில்தான் நமக்கு விஷயம் பிடிபடும் என்பதால், உருப்படியான கருத்து பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதை வெட்டி மேலே ஒட்டுங்கள். பழைய முதல் பத்தி ‘ஆதிகாலம் முதலே மனிதன்’ என்று தொடங்கினால் யோசிக்காமல் அழித்துவிடலாம்.