முதுமலையில் காட்டுக்குக் காது கொடுங்கள்

தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் ஏறியதும் எல்லோரும் கண்ணால்தான் புலியைத் தேடுகிறார்கள். சாலையோரம் உன்னிச்செடி மண்டிக் கிடக்கிறது. அதற்குள் எதுவும் தெரியாது. பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மரத்தில் சாம்பல் மந்திகள், கீழே புள்ளிமான்கள் என்று சேர்ந்து நின்றால் அங்கே நல்ல வாய்ப்பு. மந்தி உதிர்க்கும் தழையையும் காயையும் மான் தின்னும். உயரத்திலிருந்து மந்தி காவலும் பார்க்கும். புலியோ சிறுத்தையோ தென்பட்டால் மந்தி இருமுவதுபோலக் குரைக்கும், மான் கீச்சென்று கத்தும். ஒற்றைக் கத்தல் என்றால் விட்டுவிடலாம். விடாமல் கத்தினால், மான்கள் தலை தூக்கிப் பார்க்கும் திசையிலேயே பாருங்கள். அப்புறம், மசினகுடி சாலையில் சொந்த வண்டியில் போகிறவர்கள் தயவுசெய்து எங்கும் இறங்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து காடு நன்றாகத் தெரியும். ஆனால் காட்டுத்தீ அபாயத்தால் சஃபாரி நிற்கலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.