மிலிட்டரியில் இறந்த தாத்தாவின் கல்லறை: ராயபுரத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு

"எங்க சின்னத் தாத்தா மிலிட்டரியில பெரிய ஆபீசர். யுத்தத்துல இறந்துட்டார். காசிமேட்டுலதான் அடக்கம் பண்ணாங்க." இந்த மூன்று வரியோடு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கப் பங்குக் கோவில் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பதிவேட்டுக் கையெழுத்து எனக்குப் படிக்க வரும், அதனால்தான் வருகிறார்கள். கல்லறையைக் கண்டுபிடிப்பது இப்போது பெரிய பாடில்லை, போனிலேயே பாதி முடிந்துவிடும். அந்தக் கல்லின் கீழ் இருப்பவர் உங்கள் ஆள்தான் என்று நிரூபிப்பதுதான் பாடு.

முதலில் வீட்டுப் பெட்டியைக் கிளறுங்கள். சீருடைப் படம் இருந்தால் தோளைப் பாருங்கள். மூன்று நட்சத்திரம் என்றால் கேப்டன். ஒன்றோ இரண்டோ மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள், லெப்டினன்ட்டுக்குக் கீழ்ப்பட்ட ஜமேதாரும் சுபேதாரும்கூட நட்சத்திரம் வைத்தவர்கள்தான். வீட்டில் எல்லாரையும் 'ஆபீசர்' என்றுதான் சொல்வார்கள், ஆனால் தேட வேண்டிய இடம் மாறிவிடும். லெப்டினன்ட், கேப்டன் என்று கமிஷன் (அதிகாரி நியமனம்) வாங்கியவர்கள் பெயர் பிரிட்டிஷ் அரசிதழான 'லண்டன் கெஜட்'டில் இருக்கலாம், அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஜமேதார், சுபேதார் நியமனத்தை அங்கே தேடிப் பயனில்லை. அவர்களுக்கு வீட்டில் இருக்கும் பென்ஷன் புத்தகமும் அதிலுள்ள படை எண்ணும்தான் சாவி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெல்லிங்டனில் உள்ள படைப் பதிவு அலுவலகத்துக்கும், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ளதற்கும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்கலாம்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்திய ராணுவத்தினர் பெயர்கள் அதில் உண்டு. குண்டடி பட்டு இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணியில் இருக்கும்போது காய்ச்சலில் போனவரும் கணக்கில் வருவார். தேதி வரம்பும் நாம் நினைப்பதைவிட நீளம்: முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. "சண்டை முடிஞ்ச அப்புறம் 46லதான் போனார்" என்கிற வீட்டுக்காரர்கள் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். நேதாஜி படையில் சேர்ந்து இறந்தவர்களுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

பெயரைப் போட்டவுடன் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். ஆரோக்கியசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாய் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா! நடுவில் 'கே' போட்டவரும் உண்டு, 'ஜி' போட்டவரும் உண்டு. கடைசியில் 'ஐ', 'ஒய்' தகராறு வேறு. நான் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடிப்பேன். விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மெட்ராஸ்.

அந்தக் கூடுதல் தகவல் வரிதான் உறவுக்கு முதல் ஆதாரம். 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்' என்று ஒரே வரியில் இருக்கும். குடும்பத்தார் கொடுத்ததைத்தான் பதிந்தார்கள் என்பதால் சிலருக்கு அது வெற்றாக இருக்கும். கீழே ஸ்கேன் செய்த பழைய தாள்களும் இருக்கலாம், அவற்றைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உடலை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்திருந்தால் பழைய இடம் அங்கேதான் எழுதியிருக்கும். முதல் போர்க் காலத் தாள்களில் கல்லில் என்ன வாசகம் பொறிக்க வேண்டும் என்று சொன்ன உறவினரின் பெயரும் முகவரியும்கூடக் கிடைப்பதுண்டு.

காசிமேட்டுக் கதை பெரும்பாலும் இங்கேதான் உடையும். நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறை 1952இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் ஊர்க் கல்லறைகள், கன்டோன்மென்ட் கல்லறைகள் எனச் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க் கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க வழியில்லாததால் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் போரில் இறந்து பல ஊர்க் கல்லறைகளில் கிடப்பவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதே வளாகத்தின் பின்புற நினைவுச் சின்னத்தில் உள்ளன. அங்கே இருப்பது பெயர் மட்டும்தான், உடல் வேறெங்கோ. பர்மாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியானில் ரங்கூன் நினைவுச் சின்னம், சுமார் 27,000 பெயர்கள். பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களுக்கு அங்கே இன்னும் சொந்தம் இருக்கும், ஒரு போன் போட்டால் படம் எடுத்து அனுப்புவார்கள். இந்து அதிகாரிகளைத் தகனம் செய்திருந்தால் தகன நினைவுச் சின்னங்களில் பெயர் பாருங்கள்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. உங்கள் ஆள்தானா?

கல்மண்டபத்து அக்கா ஒருவர் தன் பாட்டியின் தம்பியைத் தேடி வந்தார். டாக்டர், இந்திய ராணுவ மருத்துவப் படையில் கேப்டன், 1945இல் இறந்தார். நந்தம்பாக்கத்தில் அதே பெயர், அதே ரேங்க், அதே வருஷம். அப்பா பெயரும் பொருந்தியது. ஆனால் வரியின் கடைசியில் 'இன்னாரின் கணவர், வேப்பேரி' என்று இருந்தது. அக்கா போனை என்னிடம் திருப்பித் தந்தார். "அவருக்குக் கல்யாணமே ஆகல அண்ணே, இது வேற யாரோ" என்றார்.

இந்த மாதிரி இடத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1908க்குப் பிறகு ஒருவர் எந்த ஊர்க் கோவிலில் தாலி கட்டினாலும், அந்தக் கோவிலிலிருந்து அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் வர வேண்டும், அதைப் பழைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே பிறப்பைத் தேடும் பக்கத்திலேயே கல்யாணமும் அகப்படும். பதிவு லத்தீனில் இருக்கும்: யோவான் அங்கே 'யோவான்னெஸ்', யாக்கோபு 'யக்கோபுஸ்'. அக்கா தேடி வந்த அந்த டாக்டரின் ஞானஸ்நானப் பதிவில் ஓரத்து எழுத்து பொடிப்பொடியாக, வேறு மையில், கொஞ்சம் சாய்ந்து இருந்தது. 1943, பெங்களூரில் ஒரு கோவில், மணமகள் பெயர். போர்க் கல்லறை வரியில் இருந்த அதே பெயர். ஞானத்தாயாக நின்றவர் அக்காவின் கொள்ளுப்பாட்டியின் தங்கை. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

பங்கு அலுவலகங்கள் பதிவேட்டை யாருக்கும் சும்மா திறந்து காட்டாது. வாரிசு கையெழுத்திட்ட கடிதம், உறவைக் காட்டும் ஏதாவது ஒரு சான்றிதழ், உத்தேச வருஷம், தாய் தகப்பன் பெயர் ஆகியவற்றோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள், யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். புரொட்டஸ்டன்ட் சபைகளில் ஓரக் குறிப்பு வழக்கமில்லை. ஆனால் மெட்ராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் உள்ளன, அவற்றில் ஒரு பகுதிக்கு இணையத்திலேயே அட்டவணை உண்டு.

என் கணக்கு இதுதான்: பெயரும் வருஷமும் ஒத்துப்போவது ஆதாரமே ஆகாது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிராத இரண்டு தாள்களில் ஒரே உறவு வர வேண்டும். இன்னொன்று, தேடத் தொடங்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் "என்ன வந்தாலும் பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். அக்கா வீட்டில் இப்போது அந்த வேப்பேரிப் பெண் என்ன ஆனாள் என்ற தேடல் நடக்கிறது. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

நேரில் போக, பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்துப் பரங்கிமலையில் இறங்கி, மவுன்ட் பூந்தமல்லி சாலையில் ஆட்டோ. இணையதளத்தில் இருக்கும் கல்லறை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்; பிளாட், வரிசை, கல் என்று மூன்று பகுதி இருக்கும், அந்த வரிசையிலேயே தேடுங்கள். கல்லில் தேதியோ எழுத்தோ தப்பாக இருந்தால் படம் எடுத்து, ஆதார நகலோடு ஆணையத்துக்கு எழுதலாம். கல்லறைத் திருநாளுக்குப் போகிறவர்கள் பூ வைக்கலாம். காசிமேட்டில் செய்கிற மாதிரி மெழுகுவத்தியை உருக்கிக் கல் மேலேயே ஒட்ட வேண்டாம், கறை போகாது.