எது மிகக் கொடூரமான சண்டை? வாதத்தில் இறங்கும் முன்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. முதலில் வாய் திறப்பவர் ஜெர்மானியரும் சோவியத் படையும் மோதிய ஸ்டாலின்கிராட் நகரம் என்பார். அடுத்தவர் அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் மோதிய ஐவோ ஜிமா தீவு என்பார். மூன்றாமவர் ஹிரோஷிமாவை இழுப்பார். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்கள். எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த வாதத்துக்கு நடுவராக உட்காரும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. நடுவருக்குத் தொண்டை காய்வது குறைய வேண்டும் என்ற சுயநலத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லையை வரையுங்கள். எந்த உலகப் போர் என்று சொல்லிவிடுங்கள். இரண்டையும் கலந்தால், முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சோம் சண்டையின் முதல் நாளான 1916 ஜூலை 1இல் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள் என்று ஒருவர் எடுத்துப் போடுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அடுத்து, சண்டை எது, முற்றுகை எது, படுகொலை எது என்று பிரியுங்கள். ஹிரோஷிமா சண்டை அல்ல. சீன நகரமான நான்ஜிங்கில் ஜப்பானியப் படை செய்த படுகொலை 1937 டிசம்பரில் நகரம் விழுந்த பிறகு நடந்தது. அதைச் சண்டைக் கணக்கில் சேர்த்தால் கொலைகாரர்களுக்குச் சாதகமாகப் பேசியதாகிவிடும்.

தகராறு வருவது லெனின்கிராடில்தான். அந்த சோவியத் நகரத்தை ஜெர்மானியப் படை வளைத்தது 872 நாள் முற்றுகை. 1941 நவம்பர் 20இலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் குழந்தைகளுக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம். நான் அதை வெளியே நிறுத்திவிடுவேன். சிறியது என்பதால் அல்ல, உள்ளே விட்டால் வேறு எதையும் பேசவே முடியாது என்பதால். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். தோற்கிற நேரத்தில் லெனின்கிராடைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

சரி, இப்போது எண்கள். பாதிப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். ‘ஸ்டாலின்கிராடில் சோவியத் வீரர்கள் பதினோரு லட்சம் பேர் செத்தார்கள்’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ரஷ்ய ராணுவ ஆவணங்களிலிருந்து ராணுவத் தளபதி கிரிவஷேயெவ் தலைமையில் தொகுக்கப்பட்டு 1993இல் வெளியான கணக்கில் மொத்த இழப்பு 11,29,619. அதில் 6,50,878 பேர் காயம்பட்டவர்கள், நோயுற்றவர்கள். இறந்தவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்ந்து 4,78,741. அதுவே மூச்சு முட்டும் எண். அதை இன்னும் ஊதிப் பெரிதாக்குவானேன்? தேதியையும் கேளுங்கள். இந்தக் கணக்கு 1942 ஜூலை 17இல் தொடங்குகிறது. நகரத்தின் மேல் குண்டுமழை பொழிந்த ஆகஸ்ட் 23இலிருந்து எண்ணுகிறவருக்கு வேறு விடை வரும்.

ஐவோ ஜிமாவிலும் இதே குழப்பம். அமெரிக்க இழப்பு சுமார் 26,000, தீவில் இருந்த ஜப்பானியப் படையே சுமார் 21,000தான், ஆகவே அமெரிக்கர்களுக்குத்தான் பலத்த அடி என்பார்கள். அந்த 26,000இல் இறந்தவர்கள் ஏறக்குறைய 6,800 பேர். ஜப்பானியத் தரப்பில் கிட்டத்தட்ட எல்லோருமே செத்தார்கள். மாஸ்கோவுக்கு மேற்கே இருக்கும் ர்ஷெவ் நகரக் களம் இன்னும் மோசம். 1942 ஜனவரியிலிருந்து 1943 மார்ச் வரை அங்கே நடந்தது ஒரே சண்டையா, அடுத்தடுத்துப் பல சண்டைகளா என்பதிலேயே ஒற்றுமை இல்லை. சாவுக் கணக்கும் ஆளுக்கு ஆள் லட்சக்கணக்கில் மாறுகிறது. ர்ஷெவ் என்று ஒருவர் ஆரம்பித்தால் எந்த நாளிலிருந்து, எந்தப் படைகளைச் சேர்த்து என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடலாம்.

வருகிறவர்கள் எல்லோரையும் ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன்: தொடங்கிய நாள், முடிந்த நாள், இடத்தின் அளவு, உள்ளே போனவர், உயிரோடு வந்தவர். பசிபிக் கடலில் இருக்கும் பெலிலியு தீவை அதில் நிரப்பிப் பாருங்கள். 1944 செப்டம்பர் 15 முதல் நவம்பர் 27 வரை. சுமார் 13 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட 11,000 ஜப்பானியர், பிடிபட்டவர்கள் சில நூறு பேர், அவர்களிலும் பெரும்பாலோர் போர்வீரர்கள் அல்ல, வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். மூன்று நாலு நாளில் முடிந்துவிடும் என்று அமெரிக்கத் தளபதி ரூபர்டஸ் சொன்ன சண்டை இது. மொத்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் பெலிலியு படவே படாது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஒருவர் இருக்கிறார். எண்கள் பறக்கும்போது பேசவே மாட்டார். ஒரு தடவை இத்தாலியின் மாண்டே காசினோவா ஸ்டாலின்கிராடா என்று இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ‘அடிபட்டவனை எங்கே தூக்கிட்டுப் போனாங்க?’ என்று மட்டும் கேட்டார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் அளவுகோல் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் களத்தைவிட்டு வெளியேற வழி இருந்ததா? காயம்பட்டவன் போக முடிந்ததா, சரணடைந்தவன் பிழைத்தானா, பொதுமக்கள் விலக முடிந்ததா? செத்தவர்களை எண்ணுவதைவிட இதற்குப் பதில் தேடும்போதுதான் ஒரு சண்டை எப்படிப்பட்டது என்று புரிகிறது.

ஸ்டாலின்கிராடில் சோவியத் காயக்காரர்களுக்கு இருந்த வழி வோல்கா நதி. இரவில் படகேற வேண்டும், அதுவும் குண்டுவீச்சுக்கு நடுவே. நவம்பரில் பனிக்கட்டிகள் மிதந்து வந்தபோது அதுவும் அடைபட்டது. பின்வாங்கலாம் என்றால், ‘ஒரு அடி கூடப் பின்னால் இல்லை’ என்ற 227ஆம் ஆணை ஜூலை 28இலேயே வந்துவிட்டது. வளைக்கப்பட்ட ஜெர்மானியர்களுக்கு விமானம் இருந்தது. 1943 ஜனவரி நடுவில் பிடோம்னிக் விமானத்தளம் போனது, ஒரு வாரத்தில் கும்ராக்கும் போனது. சரணடைந்த சுமார் 91,000 பேரில் வீடு திரும்பியவர்கள் ஐந்தாறாயிரம்தான். கடைசி ஆட்கள் வந்து சேர்ந்தது 1955இல்.

நம் நாகாலாந்தில் இருக்கும் கொஹிமாவை இதே கேள்வியோடு பாருங்கள். 1944 ஏப்ரலில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ், இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பானியப் படை. நடுவில் ஒரு ஆட்டக்களத்தின் நீளம். கையெறி குண்டு பந்து போலப் போய் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் இருந்த பதுங்குகுழியைச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் குழாய் எதிரி கையில் போய்விட்டது, குடிநீருக்கு அளவு வைத்தார்கள். காயம்பட்டவர்கள் திறந்த குழிகளில் கிடந்தார்கள். முற்றுகையில் வெளியே அனுப்ப வழியில்லை. படுத்த இடத்திலேயே இரண்டாவது முறை குண்டடிபட்டவர்கள் உண்டு. ஜப்பானியர்களுக்கோ பின்னாலிருந்து அரிசியும் வரவில்லை, மருந்தும் வரவில்லை. மேலிடத்து உத்தரவை மீறித்தான் தளபதி சாத்தோ தன் ஆட்களைத் திருப்பி அழைத்துப் போனார். வழியில் பசியும் நோயும் தின்றது போக மிச்சம்தான் பர்மா திரும்பியது. இந்த இடத்தில் ‘நம்ம ஆளுங்க’ என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால், எந்தப் பக்கத்து நம்ம ஆளுங்க என்று கேளுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இந்தியர்கள், ஜப்பானியர்களோடு வந்த இந்திய தேசிய ராணுவத்திலும் இந்தியர்கள்.

நடத்தை விதி ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். ஒரு சண்டையை முன்வைப்பவர் எதிர்த்தரப்புப் படைவீரனுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டாங்கியின் கவசத் தடிமனைப் பற்றிப் பேச வருகிறவர்களை இந்த விதியே வடிகட்டிவிடும்.

என் ஓட்டு ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுக்கு. 1945 ஏப்ரல் 1 முதல் ஜூன் 22 வரை. ஐவோ ஜிமாவில் சண்டைக்கு முன்பே பொதுமக்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். ஒகினாவாவில் சில லட்சம் பேர் உள்ளேயே இருந்தார்கள். மே கடைசியில் தலைமையிடமான ஷுரியை விட்டு ஜப்பானியப் படை தெற்கே நகர்ந்தபோது, மக்கள் ஒளிந்திருந்த குகைகளுக்குள்ளேயே போய் நுழைந்தது. அதே தீவின் ஹாயெபாருவில் குகைக்குள் இயங்கிய ராணுவ மருத்துவமனை காலியானபோது, நடக்க முடியாத காயக்காரர்களுக்குப் பாலில் சயனைடு கலந்து கொடுத்தார்கள். அங்கே தாதி வேலைக்கு அழைத்துவரப்பட்ட, ஹிமெயூரி என்ற பெயர் கொண்ட அணியின் மாணவிகளும் ஆசிரியர்களும் 240 பேர். ஜூன் 18 இரவு, ‘இனி உங்கள் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி அவர்களைக் கலைத்துவிட்டார்கள். வெளியே அமெரிக்கக் குண்டு, பிடிபட்டால் மானம் போகும் என்ற பயம் உள்ளே. மொத்தம் 136 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அதற்கு அடுத்த சில நாட்களில். தீவு மக்களில் நான்கில் ஒருவர் அந்தச் சண்டையில் போனதாகச் சொல்வது வழக்கம். என் மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்ற பதிலுக்கு மிகப் பக்கத்தில் வருவது இங்கேதான்.

என்னை மடக்க வேண்டுமானால் பிலிப்பைன்ஸின் மணிலா நகரத்தோடு வாருங்கள். 1945 பிப்ரவரி 3 முதல் ஒரு மாதம். நகரத்தைவிட்டு விலக வேண்டும் என்பதுதான் அங்கிருந்த ஜப்பானியப் படைத்தலைவர் யமஷிதாவின் திட்டம், கடற்படைத் தளபதி இவபுச்சி விலகாமல் உட்கார்ந்துவிட்டார். சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். ஜப்பானியப் படை வீடு வீடாகக் கொன்றது, அமெரிக்கப் பீரங்கியும் தெருத் தெருவாக இடித்தது. ஆனால் நான் அடுத்து என்ன கேட்பேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: அதில் எவ்வளவு சண்டை, எவ்வளவு படுகொலை? அந்தக் கோட்டைக் கிழித்துக் காட்டிவிட்டால் என் ஓட்டு மணிலாவுக்கு.