கடற்கரை வீட்டு ஏசிக்கு மாதம் ஒரு குடம் நல்ல தண்ணீர்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான், அறைக்குள் இருக்கிற வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுகிறது, அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பத்தை நகர்த்த முடிகிறது. ஆனால் வெளிப்பெட்டித் தகடுகளில் உப்பு படிந்து வெள்ளை பூத்துவிட்டால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் திணறும், கரண்ட் பில் ஏறும். எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு திருகாணி 2 வருஷத்திலேயே கை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுத் தகடுகளை மெதுவாகக் கழுவுங்கள், பீய்ச்சி அடித்தால் மடங்கிவிடும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம்ம ஊரில் அதுவே உப்பு. காவிரித் தண்ணீர் ஒரு குடம் போதும். அப்புறம், புதிதாக வாங்குகிறவர்கள் துரு தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.