கிராமத்து இருட்டை நம்பி ஏமாறாதீர்கள்

அண்மையில் புதிதாக வானம் பார்க்க ஆரம்பித்த இருவரோடு ஒரு கிராமத்தில் இரவைக் கழித்தேன். வயலோரம் வண்டியை நிறுத்தி, தொலைநோக்கியை இறக்கி, தெருவிளக்குக்கு நேர் எதிரே நட்டு வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து, "கிராமம் என்றீர்களே சார், இங்கேயும் ஒன்றும் தெரியவில்லையே" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. பல வருடங்களுக்கு முன் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

பௌர்ணமியன்று போகாதே, மேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பு, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடு, கைபேசியைத் திறக்காதே. இவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். புதியவர்கள் செய்யும் மற்றத் தவறுகளுக்கு நான் போகிறேன்.

வரைபடம் கறுப்பாக இருக்கிறதே என்று கிளம்புவது

விளக்கு வெளிச்சம் இரவு வானத்தை வெளுக்க வைப்பதுதான் ஒளி மாசு. அதைக் காட்டும் வரைபடங்களில் கறுப்பு என்றால் இருட்டு. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, செயற்கைக்கோள் மேலிருந்து எடுக்கும் இரவுப் படங்கள். இதற்கு அதிகம் பயன்படும் விர்ஸ் (VIIRS) என்ற செயற்கைக்கோள் கருவிக்கு 500 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள நீல ஒளி ஏறக்குறைய தெரியாது. வெள்ளை எல்இடி விளக்கின் நீல உச்சமோ 450 நானோமீட்டர் பக்கம் இருக்கிறது. மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டிய ஊர், படத்தில் முன்பைவிட இருட்டாகக்கூடத் தோன்றலாம். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறும் என்பதால், கீழே நிற்பவருக்கு வானம் இன்னும் வெளுத்திருக்கும்.

2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிந்த 50,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அலசிய ஆய்வு ஒன்று 2023இல் சயின்ஸ் இதழில் வந்தது. அதன்படி இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. அதாவது எட்டு வருடத்துக்குள் இரட்டிப்பு. செயற்கைக்கோள் கணக்கில் இந்த அளவு தெரியவில்லை. அதனால் வரைபடத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள், தப்பில்லை. நிற்கப்போகும் இடத்தை மட்டும் ஒரு முறை இரவில் நேரே போய்ப் பார்த்துவிடுங்கள். பகலில் போய்ப் பார்த்தால் தெருவிளக்கு வெறும் கம்பமாகத்தான் தெரியும்.

ஃபில்டர் வாங்குவது

இதை எழுதும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

அப்போது ஒரு கிராமத்து வீட்டின் பின்புறம்தான் எனக்கு இடம். சந்து முனையில் ஒரே ஒரு விளக்கு. தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் சாம்பல் கறை மாதிரிதான் தெரிந்தது, சுற்றியுள்ள வானமும் அதே சாம்பல். "ஒளி மாசு" என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, ஒளி மாசை வடிகட்டும் என்று விளம்பரம் செய்த ஃபில்டரை வாங்கினேன். தொலைநோக்கிக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அதற்குப் போனது. மாட்டிப் பார்த்தால் வானம் பச்சை கலந்து இருண்டது. ஆண்ட்ரோமெடாவும் சேர்ந்தே இருண்டது. பழகினால் சரியாகிவிடும் என்று மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் மின்சாரம் போனது. ஃபில்டர் சட்டைப் பையில் இருந்தது, மாட்டவில்லை. கண் பழகப் பழக ஆண்ட்ரோமெடா நீண்டுகொண்டே போய், பார்வைப் பரப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை படர்ந்தது. மின்சாரம் திரும்பி, சந்து முனை விளக்கு எரிந்ததும் மறுபடி பழைய சாம்பல் கறை. வானத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது என் கண்.

நான் குழப்பிக்கொண்டவை இரண்டு வேறு வேறு தொல்லைகள். ஒன்று, தூரத்து ஊர்களின் வெளிச்சம் காற்றில் சிதறி வானத்தையே வெளுக்க வைப்பது. நம்மால் அதை அணைக்க முடியாது. மற்றது, பக்கத்து விளக்கின் ஒளி நேராகக் கண்ணில் அடிப்பது. அது வானத்தை விட்டுவிட்டுக் கண்ணைக் கெடுக்கிறது. கண்ணுக்குள் இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் முழுமையாகத் தயாராக 20, 30 நிமிடம் வேண்டும். ஓரக்கண்ணில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த 30 நிமிடம் தொடங்குவதே இல்லை. கிராமத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் எதிரி. அதற்கு ஃபில்டர் மருந்தே இல்லை.

சரி, முதல் தொல்லைக்காவது உதவுமா? ஃபில்டர் குறிப்பிட்ட சில நிறங்களை வெட்டும், சிலவற்றை விடும். ஓரியன் நெபுலா மாதிரி வாயு மேகங்கள் 486, 496, 501 நானோமீட்டர் போன்ற குறிப்பிட்ட நிறங்களில் ஒளிர்பவை. அவற்றுக்கு நல்ல ஃபில்டர் நிஜமாகவே கைகொடுக்கும். ஆண்ட்ரோமெடா கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். எல்லா நிறத்திலும் ஒளிர்கிறது, எதை வெட்டினாலும் அதற்கும் நஷ்டம். பழைய சோடியம் விளக்கு பெரும்பாலும் மஞ்சள் பக்கமே கொட்டியது, வெட்டுவது சுலபம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் கொட்டுகிறது. இதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

எனக்குக் கடைசியில் பலன் கொடுத்தது ஒரு கறுப்புத் துணி. தலையையும் கண்ணருகு வில்லையையும் சேர்த்து மூடிக்கொள்ள வேண்டும், பழைய புகைப்படக்காரர்கள் செய்ததுபோல. ஒரு சிக்கல் உண்டு: மூச்சுக் காற்று உள்ளேயே சுற்றி வில்லையில் ஆவி படியும். துணியை வாய்க்குக் கீழே வராமல் தூக்கிக் கட்டி, கீழ்நோக்கி மூச்சு விடுங்கள். துணிக்கு முன்னால் இன்னொரு சோதனை: தரையைக் குனிந்து பாருங்கள். உங்கள் நிழல் விழுந்தால் அந்த இடம் சரியில்லை. ஒரு சுவரின் நிழலுக்குள்ளோ, வைக்கோல் போருக்குப் பின்னாலோ நகருங்கள். பத்தடி நகர்வது போதுமானதாக இருக்கும், பல நேரம்.

அந்த ஃபில்டர் இன்னும் இருக்கிறது. எப்போதாவது ஓரியன் நெபுலாவுக்கு எடுக்கிறேன், கோபத்தோடு.

நகரம் எந்தப் பக்கம் என்று யோசிக்காதது

நகரத்தின் ஒளி அடிவானத்தில் குடை மாதிரி எழும்பி நிற்கும். தெற்கே தாழ்வாக இருக்கும் பொருளைப் பார்க்க ஆசைப்பட்டு, நகரத்துக்கு வடக்கே உள்ள கிராமத்துக்குப் போனால் அந்தக் குடைக்குள்ளேதான் தேட வேண்டும். பார்க்க விரும்பும் திசையில் நகரம் இல்லாதபடி இடத்தைப் பிடியுங்கள். தூரமும் கைகொடுக்கும்: நகரத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால், அதன் ஒளி வானத்தில் சேர்ப்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. நகர முடியாதவர்கள் அந்தப் பொருள் முடிந்த அளவு உயரே ஏறும்வரை காத்திருக்கலாம். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில், தலைக்கு மேலே உள்ளதைப்போல இரண்டு மடங்கு காற்றை ஊடுருவித்தான் பார்க்கிறோம்.

மேகம் இல்லை, அதனால் நல்ல வானம்

புழுதி, ஈரம், வயலில் குப்பை எரித்த புகை எல்லாம் தூரத்து வெளிச்சத்தைப் பிடித்துக் கண்ணுக்குத் திருப்பி விடுபவை. மாலையில் சூரியனை ஒரு கட்டடத்தின் ஓரத்தால் மறைத்துக்கொண்டு பக்கத்து வானத்தைப் பாருங்கள் (சூரியனை நேரே பார்க்காதீர்கள்). நீலம் ஓரம்வரை வந்தால் இரவு பால்வீதியைத் தேடலாம். பால் ஊற்றியது மாதிரி வெளுத்திருந்தால் வேறு வேலை பாருங்கள். அப்படி மங்கிய இரவில் காற்று சலனமில்லாமல் இருந்தால் சனியின் வளையம் அசையாமல் நிற்கும், அதையும் மறக்க வேண்டாம்.

போர்ட்டில் எண்ணைப் பீற்றிக்கொள்வது

வானம் எவ்வளவு இருட்டு என்று சொல்ல ஜான் போர்ட்டில் என்பவர் 2001இல் வெளியிட்ட அளவுகோல், 1 முதல் 9 வரை. 1தான் மிக இருட்டு. "எங்கள் ஊர் 2" என்பவரைக் கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறுகூட வராவிட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

விளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டை போடுவது

ஒரு கிராமத்தில் நான் போன இரவெல்லாம் எதிர்வீட்டுத் திண்ணை விளக்கு விடிய விடிய எரிந்தது. பொறுத்துப் பொறுத்து, மூன்றாம் நாள் சண்டைக்குத் தயாராகவே போனேன். "தம்பி, வெளியூர்ப் பிள்ளை இருட்டில் தடுமாறி விழுந்திடக் கூடாதேன்னுதான் போட்டு வச்சேன்" என்றார் அந்தப் பாட்டி. எனக்குப் பேச்சு வரவில்லை. கூட்டிப்போய் நிலாவைக் காட்டினேன். அதன்பின் நான் மூட்டையைக் கட்டும் சத்தம் கேட்டால்தான் விளக்கு எரியும்.

சிவப்பு டார்ச்

இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்கத்தான் சிவப்பு டார்ச். ஆனால் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது. மங்கலாகவும் இருக்க வேண்டும்.

கார் கதவு

உள்விளக்கை முதலில் அணையுங்கள். பக்கத்தில் நிற்பவர் இப்போதுதான் அரை மணி நேரம் காத்திருந்து முடித்திருப்பார்.