ஜாகுவார் முகம், மார்ச் கதவு: ஜப்பானின் ரெட்ரோ கார்களை அடையாளம் காண்பது எப்படி?

யோகோஹாமாவுக்கு வேலைக்குப் போன புதிதில், ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் கரும்பச்சைக் கார் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். உருண்டை ஹெட்லைட், குரோம் கிரில், வழுக்கிக்கொண்டு இறங்கும் பானட். 1960-களின் ஜாகுவார் மார்க் 2 என்று சத்தியமே செய்திருப்பேன். படம் எடுத்து, கார் பைத்தியமான நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். "டேய், மூஞ்சிய பாக்காத, கதவ பாரு" என்று பதில் வந்தது. பார்த்தேன். நிசான் கம்பெனியின் சின்னக் காரான மார்ச்!

அந்தக் காரின் பெயர் மிட்சுவோகா வியூட். மிட்சுவோகா, ஜப்பானின் டோயாமா நகரத்தில் 1968-ல் தொடங்கிய சிறிய நிறுவனம். பெரிய கம்பெனிகளின் சாதாரணக் காரை வாங்கி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கழற்றிவிட்டு, பழைய ஐரோப்பியக் கார் போலப் புது முகம் பொருத்தி விற்பதுதான் இவர்களுடைய பிழைப்பு. 1993-ல் வந்த முதல் வியூட், அதற்கு முந்தைய வருடம் வெளியான கே11 மார்ச்சின் (இரண்டாம் தலைமுறை மார்ச்) மேல் கட்டப்பட்டது. இப்படி வேஷம் போட்ட கார்கள் ஜப்பானில் நிறைய உண்டு. உள்ளே இருக்கும் ஆள் யார் என்று கண்டுபிடிக்க மாடல் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் இருந்தால் போதும்.

படி 1: நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள்

இது அரை நிமிட வேலை. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருந்தால் அது கெய் கார், அதாவது 660 சிசி-க்குள் எஞ்சின், 3.4 மீட்டருக்குள் நீளம், 1.48 மீட்டருக்குள் அகலம். எவ்வளவு கம்பீரமான முகம் வைத்திருந்தாலும் சரி, அடியில் இருப்பது குட்டிக் கார்தான். 1995-ல் வந்த சுபாரு விவியோ பிஸ்ட்ரோ நல்ல உதாரணம். உருண்டை விளக்கும் குரோமும் மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் மினியின் தம்பி மாதிரி நிற்கும், பிளேட் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிளேட் வெள்ளையாக இருப்பதாலேயே அது கெய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2017 முதல் கெய் கார்களும் வெள்ளைப் பின்னணி கொண்ட சிறப்பு பிளேட் வாங்கிக்கொள்ள முடிகிறது.

படி 2: முகத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள்

நிஜமாகவே மறையுங்கள். போனில் படத்தைத் திறந்து, முன் சக்கரத்துக்கு முன்னால் இருப்பதை ஒரு கட்டைவிரலாலும் டிக்கியை இன்னொரு கட்டைவிரலாலும் மூடிவிடுங்கள். கிரில், பம்பர், விளக்குகள், பானட், முன் மட்கார்டு, இவைதான் மாற்றப்படும் பாகங்கள். நம் கண் முதலில் போய் விழுவதும் அங்கேதான். எனக்கு ஆரம்பத்தில் இது விளையாட்டுத்தனமாகத்தான் தெரிந்தது, ஆனால் பத்துப் படங்களுக்குச் செய்து பார்த்தபிறகு நடுவில் மிஞ்சுகிற உடம்பு தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது.

படி 3: கதவையும் கண்ணாடியையும் பாருங்கள்

மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கதவைப் புதிதாகச் செய்வதென்றால் தகட்டை வளைத்தால் மட்டும் போதாது. தகடு அடிக்கும் அச்சுகள், கீல், பூட்டு, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர், ஏறி இறங்கும் கண்ணாடி, பக்கவாட்டில் வண்டி மோதினால் தாங்கும் இரும்புச் சட்டம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து சோதிக்க வேண்டும். முன் கண்ணாடியும் கூரையும் அப்படித்தான். சிறிய நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் மூக்கையும் டிக்கியையும் மாற்றுவார்கள், கதவு, கூரை, கண்ணாடி மூன்றையும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

வியூட்டையும் மார்க் 2-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாகுவாரின் முன் கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாக ஒரு குட்டிக் கண்ணாடி தனியாக இருக்கும், அம்பாசடரில் காற்றுக்குத் திறந்துவைப்போமே, அதே போல. ஜன்னலைச் சுற்றி மெல்லிய குரோம் சட்டமும் ஓடும். வியூட்டில் அந்தக் குட்டிக் கண்ணாடி கிடையாது, கூரை மார்ச்சுக்கே உரிய உருண்டைக் கூரை. நேரில் பார்க்க வாய்த்தால் கண்ணாடியின் மூலையில் இருக்கும் சின்ன அச்சையும் படியுங்கள், பெரும்பாலும் அசல் கம்பெனியின் பெயரே அங்கே இருக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் சுலபம். 2012-ல் வந்த மூன்றாவது தலைமுறை வியூட், கே13 மார்ச்சின் மேல் செய்யப்பட்டது. அதே கே13-தான் மைக்ரா என்ற பெயரில் ஒரகடத்தில் தயாராகி நம் தெருக்களில் ஓடியது. (ஜப்பானுக்குப் போனவை தாய்லாந்தில் தயாரானவை.) வியூட்டின் மூக்கையும் வாலையும் மூடிவிட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டு மைக்ரா நிற்கும்.

படி 4: கதவுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்

மார்க் 2-வில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரங்களை ஓட்டும். அதனால் முன் சக்கரம் கதவை விட்டு நன்றாகவே தள்ளி நிற்கும். மார்ச்சில் எஞ்சின் குறுக்காக இருந்து முன் சக்கரங்களை ஓட்டுகிறது, சக்கரம் கதவை ஒட்டி வந்துவிடும். மிட்சுவோகா என்னதான் நீளமான மூக்கை மாட்டினாலும் சக்கரத்தை நகர்த்த முடியாதே! எனவே கூடுதல் நீளம் முழுவதும் சக்கரத்துக்கு முன்னால் தொங்கும். வியூட்டைப் பக்கவாட்டில் பார்க்கும்போது ஏதோ ஒன்று சரியில்லையே என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதே மிட்சுவோகாவின் ஹிமிகோ. 2008-ல் வந்தது, பிரிட்டனின் பழைய மோர்கன் கார் பாணியில் நீண்ட மூக்கும் திறந்த கூரையும் கொண்ட இரண்டு பேர் கார். இதற்கு எடுத்துக்கொண்டது பின் சக்கர இயக்கம் உள்ள மாஸ்டா ரோட்ஸ்டரை, வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்று விற்கிறார்களே, அதை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,330 மில்லிமீட்டராக இருந்த தூரத்தை 3,030 ஆக்கிவிட்டார்கள். முழுதாக 70 சென்டிமீட்டர்! அது மொத்தமும் கதவுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில்தான். அதனால் இந்தப் படியில் ஹிமிகோ தப்பித்துவிடும். படி 3-க்குத் திரும்பிப் போங்கள், கதவு ரோட்ஸ்டரின் கதவேதான்.

படி 5: உள்ளே எட்டிப் பாருங்கள்

மர நிறத் தகடும் தோல் இருக்கையும் கண்ணை மறைக்கும். அவற்றை விட்டுவிட்டு ஏசி திருகு, இண்டிகேட்டர் தண்டு, கண்ணாடி ஏற்றும் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றை யாரும் மாற்ற மெனக்கெடுவதில்லை. எனக்குப் பிடித்தது மிட்சுவோகாவின் இன்னொரு காரான காலூவின் கதை, 1996-ல் வந்த முதல் மாடல். வெளியே ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி தோரணையில் செங்குத்தான கிரில். உள்ளே இருப்பதோ நிசான் க்ரூ, டாக்சிக்கென்றே உருவாக்கிய வண்டி. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நிற்கும் முகம், மீட்டர் போட்டு ஓடும் உடம்பு.

எங்கே இந்த முறை பலிக்காது?

நிசானே செய்த ரெட்ரோ கார்களில் கதவு விதி உதவாது. பெரிய கம்பெனி, அச்சுச் செலவு அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 1991-ன் ஃபிகாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது கே10 மார்ச், 987 சிசி டர்போ எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். மேலே இருக்கும் உடம்பு முழுக்கப் புதிது. அது எந்த ஒரு காரின் நகலும் இல்லை, 1950-களின் ஐரோப்பியச் சின்னக் கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கனவு கண்டது போல இருக்கும். நான்கு பருவங்களுக்கு நான்கு நிறம். 20,000 கார்கள்தான் செய்தார்கள், கேட்டவர்கள் அதற்கும் மேல், குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பிற்பாடு பிரிட்டனில் ஏராளமாகப் போய்ச் சேர்ந்தன. ஃபிகாரோவைக் கதவிலிருந்து பிடிக்க முடியாது, பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தால்தான் மார்ச் தெரியும். 1989-ன் பாவோவும் இதே ரகம். வெளியே தெரியும் கீல், வரி வரியான தகடு, மேல்நோக்கித் திறக்கும் ஜன்னல் என்று ரெனோ 4, சிட்ரோயன் 2சிவி போன்ற பழைய பிரெஞ்சுக் கார்களின் நினைவெல்லாம் வரும். மூன்று மாதம்தான் ஆர்டர் எடுத்தார்கள், 51,000-க்கும் மேல் வந்து குவிந்தன.

கடைசியாக, ஃபோக்ஸ்வேகன் வேன் முகம் வைத்த குட்டி வேன்கள். சின்னப் பட்டறைகள் சுபாரு சாம்பரின் முன்பக்கத்தில் ஒட்டித் தரும் முகம் இது. படி 1-லேயே மஞ்சள் பிளேட்டில் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு வேடிக்கை: சுபாரு தானே தயாரித்த சாம்பருக்கு, 2012-ல் தயாரிப்பு நிற்கும்வரை எஞ்சின் பின்னால்தான் இருந்தது, அந்தப் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனிலும் அதே இடம். எங்காவது ஒன்று பார்க்கிங்கில் கண்ணில் பட்டால், முகத்தைப் படம் எடுப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.