வால்வு மூடியில் எண்ணெய்க் கசிவா? இறுக்குவதற்கு முன்…

பினாங்கில் இன்றும் ஓடுகிற பழைய மோரிஸ் மைனர் கார்களில் எஞ்சினின் மேல் வால்வுகளை மறைத்திருக்கும் வால்வு மூடியோரம் எண்ணெய் கசிந்தால், பலரும் மேலுள்ள இரண்டு நட்டுகளை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். மெல்லிய தகட்டு மூடி அதனால் வளைந்து, கசிவு கூடத்தான் செய்யும். எஞ்சின் ஆறிய பின் மூடியைக் கழற்றி, பழைய கார்க் கேஸ்கட்டின் (மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தக்கைப் பட்டையின்) துணுக்குகள் உள்ளே விழாதபடி சுரண்டியெடுத்து, மூடியைச் சமமான கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரியும் விளிம்பை மரக்கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டி நிமிர்த்த வேண்டும். புதிய கேஸ்கட்டை மூடியின் பக்கம் மட்டும் பசையிட்டு ஒட்டி, எஞ்சின் பக்கத்தை உலர்வாக விட்டால், அடுத்த முறை வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியை) சரிபார்க்க மூடியைக் கழற்றும்போது அது கிழியாது. நட்டுகளின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் சூட்டில் இறுகிக் கல்லாகியிருந்தால், அவற்றையும் மாற்றாமல் செய்யும் வேலை வீண்தான். பிறகு நட்டுகளை மாறி மாறி, கார்க் சற்றே அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.